வெளிநாட்டு ரயில்களை மொத்தமாக வாங்கிவிட்டால் என்ன?

கேள்வி இதுதான்: வந்தே பாரத் 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது என்கிறார்கள், பெரும்பாலான தடங்களில் அது 130ஐத் தாண்டுவதில்லை. நாமே செய்து திண்டாடுவதை விட்டுவிட்டு, ஸ்பெயினிடமோ ஜெர்மனியிடமோ ஜப்பானிடமோ நல்ல ரயில்களாகப் பார்த்து மொத்தமாக வாங்கி ஓட்டினால் பயணிகள் ரயில் ஒரேயடியாக நவீனமாகிவிடாதா?

வாங்கியிருக்கிறோம். ஒரு முறை அல்ல, பல முறை. இன்று நீங்கள் ஏறும் சிவப்பு நிறப் பெட்டியின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. அதற்கு முன்பு ஏறிய நீல நிறப் பெட்டியின் வேர் சுவிட்சர்லாந்தில். இழுத்துச் செல்லும் மின்சார எஞ்சினின் பூர்வீகமும் ஐரோப்பாதான். ஆகவே வாங்கலாமா கூடாதா என்று விவாதிப்பதைவிட, வாங்கியபோதெல்லாம் என்ன நடந்தது என்று பார்ப்பது பயன் தரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரயிலை வாங்குவது இருப்பதிலேயே எளிய வேலை. பணம் இருந்தால் கப்பலில் வந்து இறங்கிவிடும். இறங்கிய பிறகு நாம் எடுத்துக்கொண்ட காலம்தான் பயணிகளுக்குப் பெரிய நஷ்டம்.

முதல் கொள்முதல் 1949இல் நடந்தது. அன்றைய பெட்டிகளில் பெரும்பாலானவை இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தால் கட்டிய கூடுகள். மோதினால் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்து நொறுக்கிவிடும். ஜூரிக்கை அடுத்த ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த சுவிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒரே உடலாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்கும் எஃகுப் பெட்டி அது. செய்யும் முறையையும் சேர்த்தே வாங்கினார்கள். அதற்காகச் சென்னைப் பெரம்பூரில் எழுந்ததுதான் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார். ஆரம்பத்தில் அங்கே கூடு மட்டும்தான் கட்டினார்கள். இருக்கை, விளக்கு, மின்விசிறி பொருத்தும் பிரிவு 1962இல் வந்தது. 1967இல் தாய்லாந்துக்கு போகிகளும் (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்), 1971இல் தைவானுக்கு 113 பெட்டிகளும் பெரம்பூரிலிருந்து ஏற்றுமதியாகின. வாங்கியவர் பன்னிரண்டே ஆண்டுகளில் விற்பவராக மாறிய கதை இது. இறக்குமதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பாடம் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

ஆனால் அதே பாடத்தின் அடுத்த பக்கம் அவ்வளவு அழகாக இல்லை. கற்றுக்கொண்ட வடிவத்தையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தோம். சுவிஸ் வடிவம் 1950களுக்கு நல்ல வடிவம். 1990களில் அது பழையது. பெட்டிகளைத் திருகிப் பூட்டும் கப்ளிங் என்ற இணைப்பு, இரு பக்கமும் இடியைத் தாங்கும் பஃபர், சக்கரத்தின் மேலேயே கட்டையை அழுத்தி நிறுத்தும் பிரேக். வழக்கமான வேகம் 110 வரை. பெரிய மோதலில் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்வதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்துப் பார்த்து நமக்கே பழகிவிட்டிருந்தது.

இரண்டாவது பெரிய கொள்முதல் 1995இல். ஜெர்மனியின் சால்ஸ்கிட்டரைச் சேர்ந்த லிங்கே ஹோஃப்மன் புஷ் நிறுவனத்துடன் ஒப்பந்தம், சுருக்கமாக எல்.எச்.பி. வாங்கியது வெறும் 24 பெட்டிகள். ஏ.சி. சேர் கார்கள், சில எக்ஸிகியூட்டிவ் பெட்டிகள், மூன்று ஜெனரேட்டர் வண்டிகள், அவ்வளவுதான். கூடவே, பஞ்சாபின் கபூர்தலா பெட்டித் தொழிற்சாலையில் அவற்றை நாமே கட்டுவதற்கான வரைபடமும் உரிமையும் பயிற்சியும். 2000ஆம் ஆண்டில் புதுடெல்லி–லக்னோ சதாப்தியில் இவை ஓடத் தொடங்கின.

பெட்டி உண்மையிலேயே நல்ல பெட்டி. நீளம் சுமார் 23.5 மீட்டர், பழையதைவிட இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதல் என்பதால் மூன்றடுக்கு ஏ.சி.யில் 64 படுக்கைகள் இருந்த இடத்தில் 72 வைக்க முடிந்தது. துருப்பிடிக்காத எஃகு உடல். அச்சில் பொருத்திய டிஸ்க் பிரேக். மையக் கப்ளர், அதாவது பெட்டிகளை நடுவில் ஒரே பிடியாகக் கோத்து, மோதலில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தடுக்கும் அமைப்பு. 160 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்தது. கழிப்பறையில்கூட ஒரு நுட்பம் இருந்தது: வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால்தான் கழிவு வெளியேறும், நிலையங்கள் நாறாமல் இருக்க ஏற்பாடு. தண்டவாளம் நாறுவதைப் பற்றி அந்த ஏற்பாட்டுக்குக் கவலை இல்லை. பயோ டாய்லெட் வந்த பிறகே அது ஒழிந்தது.

இனி வருவதுதான் கேள்விக்கான உண்மையான விடை. இவ்வளவு நல்ல பெட்டியை ஏன் எல்லா வண்டிகளிலும் உடனே சேர்க்கவில்லை?

முதல் காரணம், பழையதோடு இது சேராது. கப்ளிங் வேறு, பிரேக் வேறு, மின்சாரம் பெறும் முறையும் வேறு. பழைய பெட்டியின் அடியில் பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர் இருக்கும். வண்டி ஓட ஓட அதுவே மின்சாரம் செய்து பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். ஜெர்மன் வடிவமோ ரேக்கின், அதாவது ஒன்றாகக் கோத்த பெட்டித் தொடரின், இரு முனைகளிலும் நிற்கும் ஜெனரேட்டர் வண்டிகளை நம்பி இருந்தது. ஆகவே ஒரு பெட்டி பழுதானால் யார்டில் நிற்கும் ஏதோ ஒரு பெட்டியை எடுத்து மாட்டுவது என்ற பழைய வித்தை இங்கே செல்லாது. மாற்றினால் முழு ரேக்கையும் மாற்ற வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு ரேக் போதாது. இங்கிருந்து ஒன்று புறப்படும்போது அங்கிருந்து இன்னொன்று புறப்பட வேண்டும், பராமரிப்பில் ஒன்று நிற்க வேண்டும். ஒரே ஒரு எக்ஸ்பிரஸை மாற்றுவது என்றாலே பல பத்துப் பெட்டிகள் கையில் இருந்தாக வேண்டும். அந்த ஜெனரேட்டர் வண்டிகள் இரண்டும் பயணிகளுக்கான இடத்தைத் தின்றன, டீசலையும் தின்றன. எஞ்சின் வழியாகவே மேல்கம்பி மின்சாரத்தைப் பெட்டிகளுக்குக் கொடுக்கும் முறை பரவலாக வர இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, வந்த பெட்டி சேர் கார். நமக்கு அதிகம் வேண்டியதோ ஸ்லீப்பரும் ஜெனரலும். ஜெர்மானியரிடம் மூன்றடுக்குப் படுக்கை வடிவம் ஏது? அதைக் கபூர்தலா பொறியாளர்கள்தான் அந்தக் கூட்டுக்குள் வரைந்து எடுத்தார்கள். முதலில் ராஜதானிக்கான ஏ.சி. படுக்கைப் பெட்டிகள். ஏ.சி. இல்லாத பெட்டிகள் பல ஆண்டுகள் கழித்தே வந்தன. பாதுகாப்பான பெட்டி முதலில் அதிகக் கட்டணம் கொடுத்தவருக்கும் கடைசியில் முன்பதிவில்லாமல் நெரிசலில் நிற்பவருக்கும் போய்ச் சேர்ந்தது. இதை நான் ஒரு நிர்வாகப் பிசகாகப் பார்க்கவில்லை; கொள்முதல் பட்டியலை எழுதிய அன்றே இந்த வரிசை தீர்மானமாகிவிட்டது. எந்த வகுப்புப் பெட்டியை மாதிரியாக வாங்குகிறோமோ அந்த வகுப்புப் பயணிக்குத்தான் முதல் பத்து ஆண்டுகளின் பலன்.

மூன்றாவது, பராமரிப்பு. பழைய பெட்டியின் பிரேக் கட்டையைத் தரையில் நின்றே குனிந்து பார்த்துவிடலாம். டிஸ்க் அச்சின் நடுவில் இருக்கிறது. அடியில் இறங்கிப் பார்க்கப் பிட் லைன் வேண்டும். போகியைக் கழற்றிச் சீர்செய்யும் ஒர்க்‌ஷாப்களுக்குப் புதிய கருவிகள், புதிய உதிரிகள், புதிய பயிற்சி. ஒரு டிப்போவில் ஒரு தலைமுறை ஊழியர்கள் கையால் தொட்டுப் பார்த்தே பழுதைச் சொல்லும் பழக்கத்தோடு இருப்பார்கள். அந்தக் கைப்பழக்கம் புதிய வண்டிக்கு உடனே வராது. பயணிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குறையும் உண்டு: எல்.எச்.பி. ரேக் கிளம்பும்போதும் நிற்கும்போதும் கொடுக்கும் அந்தக் குலுக்கல். மேல் படுக்கையில் தூங்குபவரை எழுப்பிவிடும். கப்ளருக்குப் பின்னால் அதிர்ச்சி வாங்கும் பகுதியை மாற்றி மாற்றித்தான் அதைக் குறைத்தார்கள்.

இவற்றோடு விலை. புதிய பெட்டி பழையதைவிடக் கணிசமாக அதிக விலை. கையிலிருக்கும் பணத்துக்கு எத்தனை பெட்டி என்று எண்ணிக்கை பார்ப்பவர்கள் பழையதையே கட்டிக்கொண்டிருந்தார்கள். 2012இல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு, பழைய வடிவத்தைக் கைவிட்டு முழுவதும் எல்.எச்.பி.க்கு மாறுங்கள் என்று பரிந்துரைத்தது. 2016 நவம்பர் 20 அன்று கான்பூர் அருகே புக்ராயனில் இந்தூர்–பாட்னா எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள்; பழைய வகைப் பெட்டிகள். ஐ.சி.எஃப். தன் கடைசி பழைய வகைப் பெட்டியை அனுப்பிவைத்தது 2018 ஜனவரியில். ஒப்பந்தம் 1995, முதல் ஓட்டம் 2000, பழையதைக் கட்டுவதை நிறுத்தியது 2018. கப்பலில் வந்த 24 பெட்டிகள் ஓடத் தொடங்கிய பிறகும் பதினெட்டு ஆண்டுகள் நம்மிடம் காத்திருந்தன.

எஞ்சின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1993இல் ஐரோப்பாவின் ஏ.பி.பி. நிறுவனத்திடம் மூன்று ஃபேஸ் மின் எஞ்சின்கள் வாங்கினோம். பயணிகளுக்கு டபிள்யூ.ஏ.பி.5, சரக்குக்கு டபிள்யூ.ஏ.ஜி.9. மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலை அவற்றைக் கட்டக் கற்றுக்கொண்டது. ஆனால் இன்று நாடெங்கும் நம் எக்ஸ்பிரஸ்களை இழுப்பது பெரும்பாலும் டபிள்யூ.ஏ.பி.7. அது அந்தச் சரக்கு எஞ்சினின் பல்சக்கர விகிதத்தை மாற்றி இங்கே உருவாக்கியது. நீளமான ரேக்கை இழுக்க ஆறு அச்சுள்ள அந்தச் சரக்கு எஞ்சினின் உடல்தான் வசதிப்பட்டது. பயணிகளுக்கென்று வாங்கிய எஞ்சின் ஓரமாக நிற்க, சரக்குக்கு வாங்கியது வேஷம் மாற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. வரைபடம் கையில் இருந்ததால் முடிந்தது. வெறும் எஞ்சினை மட்டும் வாங்கியிருந்தால் இந்த விளையாட்டே நடந்திருக்காது.

இனி வேகம். 160இல் ஓடக்கூடிய பெட்டி 2000இல் ஓடத் தொடங்கியது என்று சொன்னேன். பயணிகளோடு அது 160ஐத் தொட்டது 2016 ஏப்ரலில், டெல்லி நிஜாமுதீன்–ஆக்ரா கதிமான் எக்ஸ்பிரஸில். 188 கிலோமீட்டர் தூரமுள்ள ஒரே ஒரு தடத்தில். தண்டவாளத்தின் வளைவுகளைச் சீர்செய்து, ஆடுமாடு குறுக்கே வராமல் வேலி போட்டு, சிக்னலைச் சரிசெய்த பிறகே அந்த வேகம். மற்ற இடங்களில் லெவல் கிராசிங், வளைவு, பாலம், முன்னால் ஊர்ந்து செல்லும் சரக்கு வண்டி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வேகத்தைக் குறைக்கும். வந்தே பாரத்துக்கும் இதே கதைதான். அதே தண்டவாளத்தில் நாளை ஜப்பானிய ரயிலைக் கொண்டுவந்து விட்டாலும் அதுவும் 130இல்தான் ஓடும்.

பாதுகாப்பிலும் பெட்டி ஒரு பங்குதான். இதற்கு இரண்டு விபத்துகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்; இரண்டும் தமிழ்நாட்டைத் தொட்டவை. 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் அருகே பஹானாகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்கான பச்சை சிக்னலோடு சுமார் 128 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, லூப் லைன் என்ற பக்கத் தடத்தில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. எல்லாமே எல்.எச்.பி. பெட்டிகள். 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எஞ்சினை ஒட்டியிருந்த முன்பதிவில்லாப் பெட்டிகளில் வந்தவர்களுக்குத்தான் பெரும் அடி. சிக்னல் இணைப்புகளில் நடந்த வேலைப் பிழைகளைத்தான் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டியது. 2024 அக்டோபர் 11 இரவு கும்மிடிப்பூண்டியை அடுத்த கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் அதேபோல லூப் லைனில் புகுந்து சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. வேகம் சுமார் 75. பத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தடம்புரண்டன, தீயும் பிடித்தது. ஒருவர்கூட இறக்கவில்லை. பழைய பெட்டிகளாக இருந்திருந்தால் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணவே தயக்கமாக இருக்கிறது. ஆக, ஜெர்மன் வடிவம் வாங்கிய காசுக்கு உழைத்தது. ஆனால் சிக்னல் பொய் சொல்லும்போது 128 கிலோமீட்டர் வேகத்தில் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

"மொத்தமாக வாங்கிய நாடு ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, அர்ஜென்டினா. நம்மைப் போலவே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை கொண்ட நாடு. 2012 பிப்ரவரியில் புவெனஸ் ஐரிஸின் ஒன்சே நிலையத்தில் ஒரு புறநகர் ரயில் நிற்காமல் போய்த் தடத்தின் முடிவில் மோதி 51 பேர் இறந்தார்கள். அரை நூற்றாண்டு பழைய ஜப்பானியப் பெட்டிகள், ஆண்டுக்கணக்கில் புறக்கணித்த பராமரிப்பு. மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே அரசு சீனாவின் சிஃபாங் ஆலையில் 409 மின்ரயில் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. பிறகு ரோக்கா என்ற புறநகர்த் தடத்துக்கு இன்னும் 300. 2014இல் ஓடத் தொடங்கிவிட்டன. வேகம் என்றால் இதுதான் வேகம். நாம் பதினெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதோடு ஒப்பிட்டால் வெட்கமாகக்கூட இருக்கும். புதிய பெட்டிக்கு ஏற்ப நடைமேடைகளை உயர்த்தினார்கள். பயணிகளின் அன்றாட வாழ்வு உண்மையிலேயே மாறியது. ஆனால் சிக்னல் பணிகள் இழுத்துக்கொண்டே போயின. 2024 மே மாதம் அதே நகரின் பலேர்மோ பகுதியில், கேபிள் திருட்டால் சிக்னல் வேலை செய்யாத ஒரு தடத்தில், பயணிகள் ரயில் ஒன்று நின்றிருந்த இன்னொரு வண்டி மீது மோதிப் பல பத்துப் பேர் காயமடைந்தார்கள்.

அவசரத்துக்கு வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது பதினெட்டு ஆண்டுகள் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

நாம் வாங்காமல் விட்ட ரயில் ஒன்றும் உண்டு. 2016இல் ஸ்பெயினின் டால்கோ நிறுவனம் தன் செலவில் ஒன்பது பெட்டிகளைக் கப்பலேற்றி அனுப்பியது. நம் எஞ்சினே இழுத்து, மதுரா–பல்வல் தடத்தில் 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. டெல்லியிலிருந்து மும்பைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. எடை குறைந்த, வளைவில் சாய்ந்து ஓடுவதால் அதிகம் வேகம் குறைக்க வேண்டாத வண்டி. நம் வளைவு மிகுந்த தடங்களுக்கு யோசித்துப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதன் தரைமட்டம் நம் நடைமேடையைவிடத் தாழ்வு. ஒரே நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கும் வடிவம். டெண்டர் இல்லாமல் வாங்கவும் முடியாது. வண்டி திரும்பிப் போனது. இரண்டு ஆண்டுகளில், 2018 அக்டோபரில், பெரம்பூரிலிருந்து டிரெயின் 18 வெளியே வந்தது. பதினாறு பெட்டிகள், விலை ஏறத்தாழ 100 கோடி ரூபாய். அதுதான் வந்தே பாரத்தின் முதல் வடிவம். டால்கோவை விட்டது சரியா தவறா என்று இன்னும் வாதிடுகிறார்கள். வளைவில் சாய்ந்து ஓடும் பெட்டி நம்மிடம் இன்றுவரை இல்லை என்பதை மறந்துவிட்டு, விட்டது சரி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

சென்னை மெட்ரோ கையாண்ட வழி எனக்கு இன்னும் பிடிக்கும். பிரான்சின் அல்ஸ்டாம் நிறுவனத்திடம் வாங்கிய 42 ரயில்களில் முதல் ஒன்பது பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தன. மீதி 33 நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் கட்டியவை. அங்கே தடம், சிக்னல், நடைமேடை எல்லாமே புதிது. ரயிலுக்கு ஏற்ப ஊரைக் கட்டிக்கொள்ள முடிந்தது. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலும் அப்படித்தான்: 508 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை, ஜப்பானியக் கடன், ஜப்பானியத் தொழில்நுட்பம். அது ரயில் வாங்குவது என்ற கணக்கில் வராது. ஒரு முழு அமைப்பையே வாங்குவது. அதோடு நெல்லை எக்ஸ்பிரஸை ஒப்பிட்டுப் பேசுவது வீண் வேலை.

இலங்கையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே ரயில் கட்டும் தொழிற்சாலை இல்லை. எல்லாமே வாங்கியாக வேண்டும். அங்குள்ள புகையிரதத் திணைக்களம் கனடாவின் எஞ்சின், ருமேனியாவின் பெட்டி, ஜப்பான், சீனா, இந்தியா என்று பல நாட்டு டீசல் தொடர்கள் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பழுதுபார்க்கிறது. பெரம்பூரில் கட்டிய தொடர்களும் 2011 முதல் அங்கே ஓடுகின்றன. ஒவ்வொரு நாட்டுக் கடனோடும் ஒரு வகை வண்டி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிக் கிடங்கு. இவற்றுக்கு நடுவே, கொழும்புத் திட்டத்தில் 1950களில் கனடா கொடுத்த, ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று மாகாணப் பெயர் தாங்கிய எஞ்சின்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. எளிய வடிவம், உதிரி கிடைக்கும் வடிவம், ஊழியர்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த வடிவம். அவற்றைவிட மிகப் பிந்தி வந்த சில வண்டிகள் ஷெட்டில் நிற்கின்றன.

உதிரி என்றதும் நம் கதைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. வந்தே பாரத் உள்நாட்டு ரயில் என்கிறோம். அதன் சக்கரத்துக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தோம். 36,000 சக்கரங்களுக்கு உக்ரைன் ஆலை ஒன்றிடம் ஆர்டர் கொடுத்திருந்தபோது 2022 போர் வந்துவிட்டது. முதல் 128 சக்கரங்களை லாரியில் ருமேனியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ரயில் சக்கரத்தை விமானத்தில் கொண்டுவந்த செலவை நினைத்துப் பாருங்கள். இப்போது ஆண்டுக்கு 80,000 சக்கரங்களை ரயில்வேக்குக் கொடுக்கும் இருபது ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலை எழும்புகிறது. ஷ்லீரன் ஒப்பந்தம் போட்டு முக்கால் நூற்றாண்டு ஆன பிறகு.